பூமியோடு கூடவே வரும் கல்: கமோஓஅலேவா யாரைச் சுற்றுகிறது?

கேள்வி இதுதான்: "ஏனுங்க, பூமிக்கு இன்னொரு நிலா இருக்குது, 2083 வரைக்கும் நம்ம கூடவே சுத்தும்னு வாட்ஸ்அப்புல வந்துட்டே இருக்குதுங்க. சைனாக்காரங்க அதுக்கு ராக்கெட் விட்டிருக்காங்கன்னும் போட்டிருக்குது. நெசமுங்களா? நெசம்னா கோபிப் பக்கம் எங்க தோட்டத்துல நின்னு பாத்தாத் தெரியுங்களா? எட்டாவது படிக்கற பொண்ணு தெனமும் கேட்டுட்டே இருக்கறா. நெலா மேல மோதிக்காதா, நம்ம மேல விழுந்துறாதாங்கறா."

பாதி நிஜமுங்க. கல் இருக்கிறது. சீனா விண்கலம் அனுப்பியிருப்பதும் உண்மை. ஆனால் அந்தக் கல் பூமியைச் சுற்றவில்லை. நம்மைப் போலவே சூரியனைத்தான் சுற்றுகிறது. ஒரு சுற்றை முடிக்க அதற்கு ஆகும் காலமும் ஏறக்குறைய நம்முடைய ஒரு வருடமே. அதனால்தான் நம் பக்கத்தை விட்டு அகலாமல் இருக்கிறது. "இரண்டாவது நிலா" என்று தலைப்புப் போடுகிறவர்கள் இதிலுள்ள உண்மையான அதிசயத்தை மூடி வைத்துவிடுகிறார்கள் என்பது என் ஆதங்கம். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். பாப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உங்களுக்கு வந்த செய்தியில் வெவ்வேறு கற்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. 2083 வரை இருக்கும் என்று சொல்லப்படுவது 2025 பிஎன்7. 2025 ஆகஸ்ட் முதல் பாதியில் கண்ணில் பட்டது, சுமார் 20 மீட்டர் அளவுதான் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். 1960களிலிருந்தே நம்மோடு வந்துகொண்டிருக்கிறது, நமக்குத்தான் இப்போது தெரிந்தது. சீன விண்கலம் போவது வேறொரு கல்லுக்கு. அதன் பெயர் கமோஓஅலேவா, ஹவாய் மொழிப் பெயர். சிறுகோள் பட்டியலில் அதன் எண் 469219. 2024 செப்டம்பர் கடைசியில் "குட்டி நிலா வருகிறது" என்று எல்லாச் செய்தித்தாளிலும் வந்ததே, அது மூன்றாவது, 2024 பிடி5. அது 10 மீட்டர் அளவுள்ள கல். செப்டம்பர் 29 முதல் நவம்பர் 25 வரை பூமியின் பிடிக்குள் லேசாகச் சிக்கியதாகக் கணக்கில் வந்து, பிறகு விலகிப் போய்விட்டது. இந்த மூன்றில் நமக்கு அதிகம் தெரிந்தது கமோஓஅலேவா. அதைப் புரிந்துகொண்டால் 2025 பிஎன்7 தானாகப் புரிந்துவிடும், இரண்டும் ஒரே இனம்.

கமோஓஅலேவாவை 2016 ஏப்ரல் 27 அன்று கண்டுபிடித்தார்கள். ஹவாய்த் தீவுகளில் மாவி என்ற தீவிலுள்ள ஹலேயாகலா எரிமலை உச்சியில் பான்-ஸ்டார்ஸ் என்ற டெலஸ்கோப் இருக்கிறது, 1.8 மீட்டர் கண்ணாடி கொண்டது. இரவெல்லாம் வானத்தைப் படம் எடுத்து, முந்தைய படத்தில் இருந்த இடத்திலிருந்து எந்தப் புள்ளி நகர்ந்திருக்கிறது என்று தேடுவதுதான் அதன் வேலை. அப்படி அகப்பட்ட புள்ளிக்கு முதலில் 2016 எச்ஓ3 என்று பெயர் வைத்தார்கள். அளவு 40 மீட்டரிலிருந்து 100 மீட்டருக்குள் எங்கோ இருக்கும். துல்லியமாகச் சொல்ல முடியாததற்குக் காரணம், நமக்குத் தெரிவது அதன் ஒளி மட்டும்தான். கறுத்த பெரிய கல்லும் வெளுத்த சின்னக் கல்லும் தூரத்திலிருந்து ஒரே ஒளியைத்தான் தரும்.

இனி சுற்றுப்பாதைக்கு வருகிறேன். நம் பூமியின் பாதை ஏறக்குறைய வட்டம். சூரியனிலிருந்து 14.7 கோடி கிலோமீட்டருக்கும் 15.2 கோடி கிலோமீட்டருக்கும் இடையில் போய் வருகிறது. கமோஓஅலேவாவின் பாதை இன்னும் கொஞ்சம் நீண்ட வட்டம். சூரியனுக்கு மிக அருகில் வரும்போது 13.4 கோடி கிலோமீட்டர், மிகத் தள்ளிப் போகும்போது 16.5 கோடி கிலோமீட்டர். பாதையின் தளம் பூமியின் தளத்துக்கு 7.8 டிகிரி சாய்ந்திருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 366 நாள். அதாவது பாதையின் வடிவம் வேறு, சாய்வு வேறு, காலம் மட்டும் நம்முடையதே. எல்லாக் கதையும் இந்தக் காலப் பொருத்தத்திலிருந்துதான் வருகிறது.

மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டு, இளவட்டங்கள் சுற்றி வந்து ஆடுவதைப் பாப்பா பார்த்திருப்பாள். கம்பம்தான் சூரியன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரே வட்டத்தில், ஒரே வேகத்தில் ஆடி வருகிறார். அவர் பூமி. இன்னொருவர் கம்பத்தை ஒட்டி வரும்போது எட்டி நடை போடுகிறார், கம்பத்தை விட்டு விலகி வெளிப்பக்கம் போகும்போது நடையைத் தளர்த்துகிறார். ஆனால் இரண்டு பேரும் ஒரு சுற்றை முடிக்கும் நேரம் ஒன்றே. இப்போது முதல் ஆளின் கண்ணிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாமவர் கம்பத்துப் பக்கமாக வந்து இவரைத் தாண்டி முன்னால் போகிறார். முன்னாலிருந்தபடியே வெளிப்பக்கம் ஒதுங்குகிறார். அங்கே அவர் வேகம் குறைகிறது, இவர் அவரைத் தாண்டிவிடுகிறார், அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறார். பின்னாலிருந்து மறுபடி கம்பத்துப் பக்கமாக உள்ளே வருகிறார். ஒரு சுற்று முடிவதற்குள் இரண்டாமவர் முதலாமவரையும் ஒரு முறை சுற்றி வந்த மாதிரி ஆகிவிட்டது. உண்மையில் அவர் சுற்றியது கம்பத்தை மட்டும்தான்.

வானத்திலும் நடப்பது அப்படியே. சூரியனுக்கு அருகில் போகும் பொருள் வேகமாக ஓடும், விலகினால் மெதுவாகும் என்று வானியலாளர் கெப்ளர் 400 வருடங்களுக்கு முன்பே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார். வருடத்தில் பாதிக்காலம் கமோஓஅலேவா நமக்கும் சூரியனுக்கும் நடுப்பக்கமாக இருந்து வேகமாக முந்துகிறது. மீதிப் பாதி நமக்கு வெளிப்பக்கம் இருந்து பின்தங்குகிறது. பூமியில் நின்று பார்க்கிறவருக்கு அது வருடத்துக்கு ஒரு முறை தன்னைச் சுற்றி வருவதாகத் தோன்றும். இன்னொரு விஷயம், நம் நிலா பூமியைச் சுற்றும் திசைக்கு இந்தத் தோற்றச் சுற்று நேர் எதிர்த் திசையில் இருக்கும். மேலே சொன்ன வரிசையை ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரைந்தால் பாப்பாவே கண்டுபிடித்துவிடுவாள். வடக்கிலிருந்து பார்த்தால் பூமி இடஞ்சுழியாக ஓடுகிறது, சூரியன் அதன் இடக்கைப் பக்கம். கல் இடது, முன், வலது, பின் என்று போகிறது. அது வலஞ்சுழி.

இந்தத் தோற்றச் சுற்று எவ்வளவு பெரியது என்பதையும் வீட்டிலேயே கணக்குப் போடலாம். பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகி நீண்டிருக்கிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. கமோஓஅலேவாவுக்கு அது 0.104. இதை 15 கோடி கிலோமீட்டரால் பெருக்கினால் சுமார் ஒன்றரைக் கோடி கிலோமீட்டர். சூரியன் பக்கமும் வெளிப்பக்கமும் கல் அவ்வளவு தூரம் ஊசலாடுகிறது. முன்னும் பின்னும் போவது சரியாக அதைப் போல இரண்டு மடங்கு, மூன்று கோடி கிலோமீட்டருக்கு மேல். இப்படிச் சூரியனைச் சுற்றிக்கொண்டே நம்மைச் சுற்றுவது போலத் தோன்றும் கற்களைப் போலி நிலாக்கள் என்பார்கள், இந்த இரண்டு மடங்கு அவை எல்லாவற்றுக்கும் பொது, கெப்ளர் விதியிலிருந்தே வருவது. 7.8 டிகிரி சாய்வினால் மேலும் கீழும் இன்னொரு இரண்டு கோடி கிலோமீட்டர். நாசாவின் ஜெட் உந்துகை ஆய்வகம் போட்ட விரிவான கணக்கின்படி அது நிலாவின் தூரத்தைப் போல 38 மடங்குக்குக் குறைந்து நெருங்காது, 100 மடங்குக்கு மேல் விலகாது. நிலா இருப்பது 3.84 லட்சம் கிலோமீட்டரில். 38 மடங்கு என்றால் 1.46 கோடி கிலோமீட்டர். நிலா மேல் மோதிக்காதா என்ற கேள்விக்கு இந்த எண்ணே பதில். நிலா இருக்கும் பக்கமே அது வருவதில்லை.

அப்படியானால் இதை ஏன் நிலா என்று சொல்லக் கூடாது? என் மனசில் உள்ள சோதனை எளிமையானது. சூரியன் திடீரென்று இல்லாமல் போனதாக நினைத்துக்கொள்ளுங்கள். நம் நிலா அப்போதும் பூமியைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். கமோஓஅலேவா நேராகப் பறந்து போய்விடும், திரும்பி வராது. ஏனென்றால் பூமியை ஒப்பிட்டால் அதன் வேகம் நொடிக்குச் சில கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் பூமியின் பிடியிலிருந்து தப்பிக்க நொடிக்குக் கால் கிலோமீட்டரே போதும். பூமி தன் ஈர்ப்பால் ஒரு பொருளை நிரந்தரமாகக் கட்டி வைக்கக்கூடிய எல்லை சுமார் 15 லட்சம் கிலோமீட்டர். இந்தக் கல் நெருங்கி வரும்போதும் அந்த எல்லையைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு தூரத்தில் நிற்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு கேள்வி வர வேண்டும், பாப்பா கேட்காவிட்டாலும் நீங்கள் கேட்க வேண்டும். பூமிக்குக் கட்டி வைக்கும் சக்தி இல்லை என்றால், கல்லின் காலமும் நம் காலமும் இம்மி பிசகாமல் பொருந்தியிருக்க வேண்டுமே? 366 நாளுக்கும் 365 நாளுக்கும் உள்ள சின்ன வித்தியாசம் வருடா வருடம் சேர்ந்து சேர்ந்து, கொஞ்ச காலத்தில் கல் எங்கேயோ பின்தங்கிப் போயிருக்க வேண்டாமா? போயிருக்க வேண்டும்தான். போகாமல் தடுப்பது பூமி. கட்டி வைக்கத்தான் பூமியால் முடியாது, ஆனால் லேசாகத் திருத்த முடிகிறது. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கல் மெல்லப் பின்தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது பூமியைச் சுற்றி அது போடும் அந்தப் பெரிய வளையம் மொத்தமாகவே கொஞ்சம் பின்னால் நகர்ந்துவிட்டது. பூமி இப்போது வளையத்தின் நடுவில் இல்லை, முன்பக்க விளிம்புக்குக் கிட்டத்தில் இருக்கிறது. கல் முன்விளிம்புக்கு வரும்போது பூமிக்கு வழக்கத்தைவிட அருகில் வருகிறது. அங்கே பூமி அதற்குப் பின்னால் இருப்பதால் அதைப் பின்னோக்கி இழுக்கிறது. ஆறு மாதம் கழித்துப் பின்விளிம்புக்குப் போகும்போது பூமி அதை முன்னோக்கி இழுக்கிறது, ஆனால் தூரம் அதிகம், இழுப்பு குறைவு. வருடக் கணக்கில் கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது பின்னோக்கிய இழுப்பு. பின்தங்கும் கல்லை இன்னும் பின்னால் இழுத்தால் மேலும் பின்தங்கத்தானே செய்யும் என்று தோன்றும். சூரியனைச் சுற்றும் பொருளுக்கு அப்படி நடக்காது. பின்னோக்கி இழுத்தால் அது ஆற்றலை இழந்து சூரியன் பக்கமாகச் சற்று இறங்கும். இறங்கினால் பாதை சுருங்கும், பாதை சுருங்கினால் ஒரு சுற்றுக்கு ஆகும் காலம் குறையும், கல் நம்மை எட்டிப் பிடிக்க ஆரம்பிக்கும். எட்டிப் பிடித்து வளையம் முன்பக்கமாக நகர்ந்துவிட்டால் இதே கணக்கு தலைகீழாக வேலை செய்யும். இப்படி வளையம் கொஞ்ச வருடம் முன்னே, கொஞ்ச வருடம் பின்னே என்று ஆடிக்கொண்டே நம்மோடு வருகிறது. 366 நாள் என்று மேலே சொன்னது இப்போதைய நிலவரம். அது நிலையான எண் இல்லை, இந்த ஆட்டத்தோடு கூடிக் குறையும்.

பூமியின் இழுப்பு அந்தத் தூரத்தில் எவ்வளவு சொற்பம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். சூரியன் அந்தக் கல்லை இழுப்பதில் மூவாயிரத்தில் ஒரு பங்குதான், அதுவும் மிக நெருங்கி வரும்போது. அவ்வளவு சின்ன இழுப்பு, வருடா வருடம் ஒரே மாதிரி திரும்பத் திரும்பக் கிடைப்பதால், ஒரு கல்லை நூறாண்டு தடம் மாறாமல் வைத்திருக்கிறது. கமோஓஅலேவா இப்படி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக நம்முடன் இருக்கிறது, இன்னும் சில நூற்றாண்டுகள் இருக்கும் என்று கணக்குகள் சொல்கின்றன. அதற்குப் பிறகு வளையத்தின் ஆட்டம் மிஞ்சிப் போய், பூமியைத் தன் வளையத்துக்குள் வைக்காமல், சூரியனைச் சுற்றிக் குதிரை லாட வடிவத்தில் முன்னும் பின்னும் போய் வரும் வேறொரு வகைக்கு மாறும். மறுபடி இந்த வகைக்கே திரும்பவும் செய்யும். 1986ல் கண்டுபிடிக்கப்பட்ட குரூய்த்னே என்ற சிறுகோள் அந்த லாட வகை. அதையும் ஒரு காலத்தில் இரண்டாவது நிலா என்றுதான் எழுதினார்கள்.

உண்மையாகவே பூமியின் பிடிக்குள் வந்து சுற்றிவிட்டுப் போகும் கற்களும் உண்டு. 2006 செப்டம்பரிலிருந்து 2007 ஜூன் வரை 2006 ஆர்எச்120 என்ற சில மீட்டர் கல் அப்படிச் சுற்றியது. 2020ல் பூமியின் பிடிக்குள் வந்த ஒரு பொருளை ஆராய்ந்து பார்த்தபோது, அது 1966ல் நிலாவுக்கு சர்வேயர் 2 விண்கலத்தை அனுப்பிய ராக்கெட்டின் மேலடுக்கு என்று தெரிந்தது. ஆக, ஒவ்வொரு புள்ளியையும் கல் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது.

விழுந்துவிடாதா என்ற கேள்வி. இந்தப் பாதையில் இருக்கும் வரை விழ வாய்ப்பில்லை. ஆபத்தாகக்கூடியவை என்று தனியாக வைத்திருக்கும் பட்டியலிலும் கமோஓஅலேவா இல்லை. அந்தப் பட்டியலில் சேரச் சுமார் 140 மீட்டராவது அளவு இருக்க வேண்டும், பாதைகளும் 75 லட்சம் கிலோமீட்டருக்குள் நெருங்க வேண்டும். ஆனால் இந்த அளவுக் கல் விழுந்தால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். 1908 ஜூன் 30 அன்று சைபீரியாவில் துங்குஸ்கா காட்டின் மேல் வெடித்தது சுமார் 50, 60 மீட்டர் அளவுள்ளது, கண்ணுக்கெட்டிய தூரம் மரங்களைச் சாய்த்தது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்தின் மேல் வெடித்தது 20 மீட்டருக்குள்தான் இருக்கும், ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காயம்பட்டார்கள். அதனால்தான் இந்தக் கற்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துக் கணக்கு வைக்கும் வேலையை இவ்வளவு கவனமாகச் செய்கிறார்கள். பயப்பட வேண்டியது கண்டுபிடித்த கல்லுக்கு இல்லை, கண்டுபிடிக்காததற்குத்தான்.

தோட்டத்தில் நின்று பார்த்தால் தெரியுமா? தெரியாதுங்க. பைனாகுலரிலும் தெரியாது, கடையில் வாங்கும் டெலஸ்கோப்பிலும் தெரியாது. இருட்டான இடத்தில் வெறும் கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான நட்சத்திரம் 6ஆம் ஒளித்தரம். கமோஓஅலேவா வருடத்திலேயே பளிச்சென்று இருப்பது ஏப்ரல் வாக்கில் சில வாரங்கள், அப்போதும் 22ஐத் தாண்டித்தான் இருக்கும். இந்த எண் கூடக் கூட ஒளி குறையும், ஒரு படிக்கு இரண்டரை மடங்கு. கணக்குப் போட்டால் கண்ணுக்குத் தெரியும் கடைசி நட்சத்திரத்தைவிட அது குறைந்தது 25 லட்சம் மடங்கு மங்கல். கோபியிலிருந்து சத்தி மலையடிவாரம் வரை திருப்பூர், கோவையைவிட வானம் நன்றாகவே இருட்டியிருக்கும், ஆனாலும் இதற்கு எட்டாது.

சிறுகோள் ஒன்றைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்று பாப்பா பிடிவாதம் பிடித்தால் வெஸ்டாவைக் காட்டுங்கள். 500 கிலோமீட்டருக்கு மேல் குறுக்களவு கொண்டது, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சுற்றுவது. சூரியனுக்கு நேர் எதிரே வரும் மாதங்களில் சாதாரண பைனாகுலரிலேயே நட்சத்திரம் போலத் தெரியும். முதல் நாள் அந்தப் பகுதியிலுள்ள புள்ளிகளை நோட்டில் வரைந்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து அதே இடத்தை மறுபடி பார்த்து வரைந்தால் ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருக்கும். ஹவாயில் பான்-ஸ்டார்ஸ் செய்வதும் இதே வேலைதான். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வந்துகொண்டே இருக்கும், நம் பக்கம் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வானம் வெளுப்பது அபூர்வம். தை, மாசியில் வைத்துக்கொள்வது நல்லது.

நம் மண்ணுக்கும் சிறுகோள் தேடலுக்கும் நேரடியான தொடர்பு ஒன்று உண்டு, அதைப் பாப்பாவுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தில் 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதன் எண் 4130. பெயர் ராமானுஜன். 1887ல் நம் ஈரோட்டில் பிறந்த கணித மேதையின் பெயர்தான். அது பூமிக்கு அருகில் வருவதில்லை, செவ்வாய்க்கு அப்பாலுள்ள கூட்டத்தில் சுற்றுகிறது. கண்டுபிடித்தவர்தான் பெயர் முன்மொழியலாம் என்ற வழக்கத்தால், தமிழ்நாட்டிலிருந்து கண்டுபிடித்த ஒரு கல்லுக்கு ஈரோட்டில் பிறந்தவர் பெயர் வாய்த்தது.

இனி அந்தக் கல்லின் பூர்வீகம். 2021ல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் பென்ஜமின் ஷார்க்கியும் கூட்டாளிகளும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 8.4 மீட்டர் கண்ணாடிகள் இரண்டைச் சேர்த்து வைத்த பெரிய டெலஸ்கோப்பால் கமோஓஅலேவாவின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்ததில், சாதாரணச் சிறுகோள்களோடு அது ஒத்துப்போகவில்லை. அப்போலோ 14 பயணிகள் நிலாவிலிருந்து கொண்டுவந்த மண்ணோடு ஒத்துப்போனது. நிலாவில் பெரிய கல் ஒன்று மோதும்போது தெறிக்கும் துண்டுகளில், நொடிக்கு 2.4 கிலோமீட்டருக்கு மேல் வேகம் எடுத்தவை நிலாவின் பிடியை விட்டு வெளியேறிவிடும். அதற்குச் சற்றே மேல் வேகத்தில் வெளியேறியவை வேறு எங்கும் போகாமல், பூமியின் பாதையை ஒட்டியே சூரியனைச் சுற்றும். கமோஓஅலேவா இருக்கும் பாதை அப்படிப்பட்டதே. 2024ல் வெளியான இன்னோர் ஆய்வு, நிலாவின் மறுபக்கத்திலுள்ள 22 கிலோமீட்டர் அகலமான ஜோர்டானோ புரூனோ பள்ளத்தை இதன் பிறப்பிடமாகச் சொல்கிறது. நிலாவின் பெரிய பள்ளங்களில் மிகவும் இளையது அது, வயது ஒரு கோடி வருடத்துக்குள். 2024 பிடி5 கல்லின் ஒளியும் நிலாப் பாறையைப் போலவே இருப்பதாகப் பிறகு தெரிய வந்ததால் இந்தக் கருத்துக்கு வலு கூடியிருக்கிறது. எனக்கு இதில் நம்பிக்கை உண்டு. ஆனால் ஒளியை வைத்துச் சொல்வது ஒளியை வைத்துச் சொல்வதுதான், கையில் கல் கிடைக்கும் வரை முடிவு என்று எழுதக் கூடாது.

அது தன்னைத்தானே சுற்றும் வேகமும் கவனிக்க வேண்டியது. 28 நிமிடத்துக்கு ஒரு சுற்று. அங்கே ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சரளைக் குவியலாக ஒட்டி நிற்கும் சிறுகோள்கள் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒரு சுற்றைவிட வேகமாகச் சுழன்றால் சிதறிவிடும். நிலாப் பாறையின் அடர்த்தியை வைத்துக் கணக்கிட்டால், கமோஓஅலேவாவின் நடுக்கோட்டில் உள்ள ஒரு கூழாங்கல்லை வெளியே எறியும் விசை, அதைப் பிடித்து வைக்கும் ஈர்ப்பைப் போல 18 மடங்கு. அங்கே ஒட்டாமல் கிடக்கும் எதுவும் நிற்காது. ஆகவே அது பெரும்பாலும் ஒரே பாறையாக இருக்க வேண்டும், அல்லது துகள்கள் ஒன்றோடொன்று நன்றாக ஒட்டிப் பிடித்திருக்க வேண்டும்.

சீன விண்கலத்தின் சிரமமும் இதில்தான் இருக்கிறது. தியான்வென் 2 என்ற அந்தக் கலம் 2025 மே 29 அன்று ஷிச்சாங் ஏவுதளத்திலிருந்து கிளம்பியது. 2026 ஜூலை வாக்கில் கமோஓஅலேவாவைச் சென்றடைந்து, சில மாதங்கள் கூடவே இருந்து ஆராய்ந்து, மண்ணும் கல்லும் எடுத்து, 2027 இறுதியில் பூமிக்கு அனுப்பி வைப்பது திட்டம். அதற்குப் பிறகு கலம் 311பி என்ற வால்நட்சத்திரத்துக்குப் போகும். இதற்கு முன் கல் எடுத்து வந்த சிறுகோள்கள் எல்லாம் இதைவிட மிகப் பெரியவை. ஜப்பானின் ஹயபுசா 2 போன ரியூகு சுமார் 900 மீட்டர், அமெரிக்காவின் ஓசைரிஸ்-ரெக்ஸ் போன பென்னு சுமார் 500 மீட்டர். ரியூகுவிலிருந்து 5.4 கிராம் வந்தது, பென்னுவிலிருந்து 121.6 கிராம். அந்த இரண்டும் சரளைக் குவியல்கள், தொட்டுவிட்டு உடனே மேலே எழும்பினாலே போதும், மண் கிடைத்துவிடும். கமோஓஅலேவா வெறும் பாறையாக இருந்தால் தொட்டு எடுக்க ஒன்றும் இருக்காது. அதற்காகத் தொட்டு எடுக்கும் முறையோடு, கைகளால் பாறையைப் பற்றிக்கொண்டு துளை போட்டு எடுக்கும் முறையையும் வைத்திருக்கிறார்கள்.

கல் வந்து சேர்ந்தால் முதலில் பார்ப்பது அதிலுள்ள ஆக்சிஜனின் ஐசோடோப்புகளை, அதாவது எடையில் மட்டும் வேறுபடும் ஆக்சிஜன் அணு வகைகளை. பூமியிலும் நிலாவிலும் அவற்றின் விகிதம் ஏறக்குறைய ஒன்று, பெரும்பாலான விண்கற்களில் வேறு. நிலாத் துண்டா இல்லையா என்ற வழக்கு அந்த ஒரு சோதனையிலேயே ஏறக்குறைய தீர்ந்துவிடும்.

பாப்பாவுக்கு இதில் இவ்வளவு ஆர்வம் இருந்தால் சும்மா படிப்பதோடு விட வேண்டாம். சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு என்று ஒன்று இருக்கிறது. கமோஓஅலேவாவைக் கண்டுபிடித்த அதே பான்-ஸ்டார்ஸ் எடுக்கும் படங்களைப் பள்ளி, கல்லூரி மாணவர் குழுக்களுக்கு அனுப்பித் தேடச் சொல்கிறார்கள், அந்த அமைப்பு கட்டணம் வாங்குவதில்லை. வானத்தின் ஒரே துண்டைச் சற்று இடைவெளி விட்டு எடுத்த நான்கு படங்கள் வரும். அஸ்ட்ரோமெட்ரிகா என்ற மென்பொருளில் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டால் நட்சத்திரங்கள் எல்லாம் அசையாமல் நிற்கும், சிறுகோள் இருந்தால் அந்தப் புள்ளி மட்டும் நேர்கோட்டில், சம அளவு இடைவெளியில் நகரும். சம இடைவெளியில் நகராமல் துள்ளினால் அது கருவியின் கோளாறு, கல் இல்லை. நான்கு படத்திலும் ஒளி ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பள்ளி அறிவியல் ஆசிரியரிடம் சொல்லி ஒரு குழுவாகப் பதிவு செய்யுங்கள். வீட்டிலுள்ள சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டரே இதற்குப் போதும்.

அதற்கு முன்பாக ஜெட் உந்துகை ஆய்வகத்தின் இணையதளத்தில் சிறுகோள் தேடும் கட்டத்தில் 469219 என்று போடுங்கள். சூரியனை நடுவில் வைத்துப் பாதை படமாக வரும். பூமியின் பாதையும் கமோஓஅலேவாவின் பாதையும் இரண்டு இடங்களில் குறுக்கே போவது போலத் தெரியும். படத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் ஒன்றுக்கு மற்றொன்று சாய்ந்திருப்பது தெரியும். படத்தில் தேதியை ஓடவிட்டு, கல் எந்த மாதங்களில் பூமியை முந்துகிறது, எந்த மாதங்களில் பின்தங்குகிறது என்று பாப்பாவையே குறித்து வைக்கச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் அந்தக் குறிப்பை அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்ங்க.